ஆப்பிரிக்க ஸ்கிப்பர் புழுக்களை எந்தச் செடியில் தேடுவது?

கேள்வி இதுதான்: வேலை நிமித்தமாக நைரோபிக்குக் குடிபோகிறவர் ஒருவர். இங்கே எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் பட்டாம்பூச்சிப் புழு வளர்த்துப் பழகியவர். ஆப்பிரிக்காவின் ஸ்கிப்பர் பட்டாம்பூச்சிகளுக்கு (தடித்த உடம்போடு விருட்டென்று பறக்கும் ஒரு பட்டாம்பூச்சிக் குடும்பம்) முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் எந்தச் செடிகளில் கிடைக்கும், கிடைத்தால் எப்படி இனம் காண்பது என்று கேட்கிறார்.

நல்ல ஊருக்குத்தான் போகிறீர்கள். சகாராவுக்குத் தெற்கே 500-க்கு மேற்பட்ட ஸ்கிப்பர் இனங்கள் உண்டு. அவற்றின் இளம்பருவங்களைப் பற்றி இன்று தெரிந்ததில் பெரும்பங்கு கென்யாவிலிருந்து வந்ததே. மேத்யூ காக் என்ற பூச்சியியலாளர் கென்யாவில் இருந்த காலத்தில் கண்ணில் பட்ட ஸ்கிப்பர் புழுக்களையெல்லாம் எடுத்து வளர்த்துக் குறித்து வைத்தார். 2010 முதல் அவற்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்; முதல் பகுதிக்குப் பின், தான்சானியாவில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்த காலின் காங்டனும் சேர்ந்துகொண்டார். அதற்கு வெகு முன்பே நைரோபியில் வான் சோமரனும், தென்னாப்பிரிக்காவில் கோவன் கிளார்க்கும் இந்த வழியில் நடந்தவர்கள். கிளார்க் முட்டை முதல் கூட்டுப்புழு வரை ஒவ்வொரு நிலையையும் ஓவியமாகவே தீட்டி வைத்தார்.

இந்த மூவர், நால்வர் கண்டதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பறக்கிற ஸ்கிப்பரைத் துரத்துவதைவிட இலையில் அதன் புழு கட்டும் வீட்டைத் தேடுவது லாபம். பறக்கும் பருவத்தில் பாதிக்கு மேல் பழுப்பு நிறம், அங்கங்கே வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பல இனங்களை வயிற்று நுனியை அறுத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். புழுவாக இருக்கும்போதோ அது உட்கார்ந்திருக்கும் செடியே பாதி விடையைச் சொல்லிவிடும். மீதியைத் தலை சொல்லும்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கிப்பர் புழு திறந்த வெளியில் உட்கார்ந்து இலை தின்பது அரிது. முட்டையிலிருந்து வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடும். டேகியாடிஸ் ஃப்ளெசஸ் என்ற இனத்தைக் காட்டு வள்ளிக்கொடியில் பாருங்கள். இலை விளிம்பில் ஓரிடத்தில் உள்நோக்கி ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு மட்டும் குறுகலான காம்பில் தொங்கும். அந்தக் காம்பின் குறுக்கே புழு தலையை இடமும் வலமும் ஆட்டி நூல் போட்டுக்கொண்டே இருக்கும். நூல் உலர உலரச் சுருங்கி, துண்டை இழுத்து, டிபன் பாக்ஸ் மூடி போல இலைமேல் கவிழ்த்துவிடும். புழு அதற்குள். இரை தின்ன மட்டும் வெளியே வரும், பெரும்பாலும் இரவில். உடம்பு வளர்ந்து வீடு போதாமல் போனால் அதே இலையிலோ பக்கத்து இலையிலோ பெரிதாக வேறொன்று கட்டும். ஆகவே ஒரு கொடியில் சின்ன வெட்டு, நடுத்தர வெட்டு, பெரிய மடிப்பு என வரிசையாகத் தெரிந்தால், மேலும் தேடுங்கள், புழு பக்கத்தில்தான் இருக்கும். காலி வீடுகளைப் பார்த்துச் சலிக்க வேண்டாம். பத்து வீட்டில் ஒன்றில் ஆள் இருந்தாலே அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் புழுக்கை கிடக்காது என்பதையும் கவனிப்பீர்கள். ஸ்கிப்பர் புழுவின் பின்முனையில், மலத்துளைக்கு மேலே, சீப்பு மாதிரி ஓர் உறுப்பு உண்டு. அதைக் கொண்டு புழுக்கையைத் தெறித்து வீசும். அமெரிக்க ஸ்கிப்பர் ஒன்றை வைத்து மார்த்தா வைஸ் 2003-ல் இதை ஆராய்ந்தார். உடல் நீளத்தைப்போல முப்பத்தைந்து, நாற்பது மடங்கு தூரம் வரை புழுக்கை பறக்கிறது. வாசனை பிடித்து வரும் குளவிகளை ஏய்ப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. வளர்க்கிறவருக்கு இதனால் ஒரு பயன் உண்டு: டப்பாவின் சுவரில் புழுக்கை ஒட்டியிருந்தால், உள்ளே சுருண்ட இலையைப் பிரித்துப் பார்க்காமலே புழு உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கிப்பர் புழுவை வேறு புழுக்களிலிருந்து பிரிப்பது கடினமில்லை. தலை பெரியது, அதற்குப் பின்னால் கழுத்து ஒடுங்கியிருக்கும், உடம்பு நடுவில் தடித்து இருபக்கமும் சிறுக்கும். முள் கிடையாது, அடர்ந்த மயிரும் கிடையாது. இலை சுருட்டும் அந்துப்பூச்சிப் புழுக்களும் அதே செடியில் இருக்கும். அவற்றைத் தொட்டால் துள்ளி நெளிந்து பின்னோக்கி ஓடும். ஸ்கிப்பர் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

முட்டை விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒவ்வொன்றாக, இங்கொன்று அங்கொன்றாக இடும். புல் தின்னும் இனங்களின் முட்டை வழவழப்பான அரைக்கோளம். அகன்ற இலைச் செடிகளில் வாழும் பல இனங்களுக்கு முட்டையில் வரிவரியாக மேடுகள் இருக்கும். டேகியாடிஸ், கப்ரோனா போன்றவற்றின் தாய் தன் வயிற்று நுனியில் உள்ள மயிரை உதிர்த்து முட்டையை மூடிவிட்டுப் போகும். இலைமேல் ஒரு துளி பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும் அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

சரி, இனி செடிகளுக்கு வருவோம்.

நைரோபியில் முதலில் உங்கள் கண்ணில் படப்போவது ‘போலீஸ்காரன்’ என்று அங்கே அழைக்கப்படும் கோலியேடிஸ் பேரினம்தான். பெரிய உடம்பு, விரைந்த பறத்தல். இதன் புழு மற்ற ஸ்கிப்பர்களைப்போல் பச்சையாக ஒளிந்திருக்காது, பளிச்சென்று வளையம் வளையமாக நிறம் பூசியிருக்கும், தலையில் கரும்புள்ளிகள் இருக்கும். கோலியேடிஸ் ஃபாரஸ்டன் எதையும் தின்னும் ரகம். காம்பிரீட்டம், டெர்மினாலியா, அவரைக் குடும்பத்து மரங்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் அதன் உறவினர்கள் அப்படியல்ல. பிசிஸ்ட்ராட்டஸ் இனம் மால்பிகியேசிக் குடும்பத்துக் கொடிகளைப் பெரிதும் நாடும். தென்னாப்பிரிக்காவின் கீத்லோவா அக்ரிடோகார்ப்பஸ் என்ற அதே குடும்பத்துக் கொடியை விடாது. ஆங்கைசிஸ் பால் வடியும் மார்ஸ்டெனியாக் கொடியில் இருக்கும். லைபியான் இனம் ட்ரைபீடிஸ் மரத்தில் இருக்கும். சில ஆண்டுகளில் அது பெருந்திரளாகப் பெருகி மரங்களை மொட்டையடித்துவிட்டு, வளர்ந்த பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இடம்பெயரும்.

நம் ஊரில் பழகியவருக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கோலியேடிஸின் ஆசிய உறவான பதாமியா இங்கே எதைத் தின்கிறது? குருக்கத்திக் கொடியையும், தான்றி, மருது வகை டெர்மினாலியாக்களையும், காம்பிரீட்டத்தையும். குருக்கத்தி மால்பிகியேசிக் குடும்பம். கடலுக்கு இருபுறமும் அதே இரண்டு குடும்பங்கள். ஆகவே புதிய ஊரில் செடியின் பெயர் தெரியாவிட்டாலும் குடும்பம் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

காட்டுக்குள் நிழலான தரையில் வளரும் கனகாம்பரக் குடும்பத்துச் செடிகளை அடுத்துப் பாருங்கள். கரூரா மாதிரி நைரோபியின் நகர்க் காடுகளில் இவற்றுக்குக் குறைவில்லை. ஜஸ்டிசியா, ஹைபோயஸ்டிஸ், ஐசோகுளாசா இவற்றின் இலைகளில் செலனோரைனஸ் பேரினத்துப் புழுக்கள் மடிப்பு வீடு கட்டியிருக்கும். உடம்பு கண்ணாடிபோல் தெளிந்த பச்சை. தோலுக்கடியில் குடல் தெரியும். அதே குடும்பத்தில், ஆனால் வறண்ட இடத்துப் பார்லேரியா, பெரிஸ்ட்ரோஃபி செடிகளில் சரங்கேசா இருக்கும். சரங்கேசாவின் வளர்ந்த பூச்சிக்கு ஒரு விநோதப் பழக்கம்: வெயில் நேரத்தில் ஆர்ட்வார்க் (கறையான் தின்னும் ஆப்பிரிக்க விலங்கு) தோண்டிய வளைகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். வளைக்குள் டார்ச் அடித்துப் பட்டாம்பூச்சி தேடும் அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. வளையின் சொந்தக்காரரோ, குடிவந்த முள்ளம்பன்றியோ, பாம்போ உள்ளே இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வள்ளிக்கொடியில் டேகியாடிஸ் என்று ஏற்கெனவே சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் டேகியாடிஸ் லிட்டிகியோசாவை வளர்த்தவர்களுக்கு ஃப்ளெசஸ் புதிதாகவே தோன்றாது. அதே கொடிப் பேரினம், அதே மூடி வீடு, கூட்டுப்புழுவின் பக்கவாட்டில் அதே வெண்திட்டு.

பருத்தி, வெண்டை, துத்தி ஆகியவை சேர்ந்த மால்வேசிக் குடும்பம் ஆப்பிரிக்காவில் ஸ்கிப்பர்களுக்கு அன்னசத்திரம். குறுந்தோட்டி, காட்டுச் செம்பருத்தி, ஹெர்மானியா, பவோனியா போன்ற சிறு செடிகளில் ஸ்பியாலியாக்கள் உண்டு. இவை நகத்தளவே உள்ள, கருப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பூச்சிகள். துத்தியில் கொமாலியா. இந்தியாவிலும் கொமாலியாவுக்குத் துத்திதான். தடச்சு மர இனமான கிரீவியாவிலும் டொம்பேயாவிலும் ஈக்ரிஸ் நொட்டோவானாவும் நெட்ரோபலேன் கானோபஸும் கிடைக்கும். பின்னது இலைமேல் இறக்கை விரித்து உட்கார்ந்தால் பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். கிரீவியா ஃபிளேவாவில், கலஹாரிப் பக்கத்து வறண்ட நிலங்களில், இறக்கைகள் பெரும்பாலும் வெள்ளையான லூக்கோகிட்டோனியா லெவூபூ. இந்தக் கூட்டத்தில் அழகி என்றால் அபாண்டிஸ் பாரடிசியா. அதற்கு நீர்ப்பருத்தியும் ஆகும், காட்டுச் சீத்தாவும் ஆகும், அவரைக் குடும்பத்து மரமும் ஆகும். ஏன் இப்படித் தாவுகிறது என்பதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். ஒருவித்திலைப் பக்கம் போனால் கதை வேறு. அங்கேதான் என் மனம் அதிகம் நிற்கும்.

தென்னாப்பிரிக்காவில் ‘இரவுப் போராளிகள்’ என்று ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்திக்கருக்கலில் பறக்கும் பெரிய ஸ்கிப்பர்கள் இவை. நீண்ட தும்பிக்கை, இருட்டில் வெளிறித் தெரியும் குழல் பூக்களில் தேன். பகலில் வலையோடு சுற்றுபவர் கண்ணில் படவே மாட்டா. எனவே அருங்காட்சியகங்களில் இவை குறைவு, அபூர்வம் என்று பெயரும் வாங்கியிருந்தன. புழுவைத் தேடத் தொடங்கியதும் தெரிந்தது, பல இடங்களில் இவை சாதாரணம். ட்ரசீனா இலைகளில் ஆர்டிட்ரோபா. நம் ஊர் அலுவலகங்களில் தொட்டியில் நிற்குமே, அந்த ட்ரசீனாவின் காட்டு உறவுகள். அகலமான இலையை நீளவாக்கில் குழலாக்கி, உள்ளே விரல் நீளத்துக்கு வெளிறிய புழு கிடக்கும். ஈச்சையில், குறிப்பாக ஃபீனிக்ஸ் ரெக்லினாட்டா என்ற காட்டு ஈச்சையில், சோஃபோபீட்டிஸ் டிஸ்மெஃபிலா. ஓலையின் ஈர்க்குகளைச் சேர்த்து நூலால் தைத்துவிட்டு நுனியிலிருந்து தின்றுகொண்டு வரும். தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் பனைகளையும் தென்னையையும் விடாது. மேற்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய்ப் பனையில் ப்டெரோட்டீனான் லாஃபெல்லா இதே வேலையைச் செய்கிறது. இங்கே ஈச்சையிலும் தென்னையிலும் சுவாஸ்டஸ் கிரேமியஸ் புழுவைப் பார்த்திருந்தால் இவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம்: மேலே நிமிர்ந்து, நுனி கத்தரித்த ஓலையைத் தேடுங்கள்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனால் மோல்டெனா ஃபியாராவைத் தவற விடாதீர்கள். அந்தக் கடற்கரையோரம் முழுக்க நிற்கும் ஸ்ட்ரெலிட்சியா நிக்கோலாய், அங்குள்ளவர்கள் காட்டு வாழை என்பது, இதன் உணவு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வேலியிலும் இது நிற்கும். இலை ஓரத்தில் சுருள் இருந்தால் மெல்லப் பிரித்துப் பாருங்கள். உண்மையான வாழையைத் தின்னும் எரியோனோட்டா ஆசியாவிலிருந்து மொரிஷியசுக்குள் நுழைந்து தொல்லை கொடுத்தது வேறு கதை. அங்கே ஒட்டுண்ணிக் குளவிகளை இறக்கி அடக்கினார்கள்.

முதிர்ந்த புழுவின் அடிவயிற்றில் வெள்ளையாக மாவு திரண்டிருந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். அது மெழுகுத் தூள். கடைசிப் பருவத்தில் புல் தின்னும் பல இனங்களுக்கு இது சுரக்கும். கூட்டுப்புழுவாக மாறும் முன் வீட்டின் உட்சுவர் முழுக்க அதைப் பூசும். மழைநீர் உள்ளே வந்தாலும் ஒட்டாமல் உருண்டு போகும். டப்பாவில் வளர்க்கும்போது இந்தத் தூள் தெரிந்ததும் பழைய இலையை மாற்றுவதை நிறுத்திவிடுங்கள். அப்போது வீட்டைப் பிரித்தால் பாதி கூட்டுப்புழுக்கள் கோணலாகப் போய்விடும்.

புல் தின்பவை எண்ணிக்கையில் நிறைய, சொல்வதற்குக் கொஞ்சம். போர்போ, பெலோபிடாஸ், கெகெனிஸ், பர்னாரா எல்லாமே பச்சைப் புழு, புல் இலைக் குழல், தலையில் கோடுகள். பெலோபிடாஸ் மத்தியாஸ் ஆப்பிரிக்காவிலிருந்து நம் நெல் வயல் வரை பரவியிருக்கிறது. அதன் கூட்டுப்புழு மட்டும் வீடில்லாமல், கூரிய மூக்கோடு, இலையோடு இலையாகத் திறந்தவெளியில் இருக்கும். இந்தக் கூட்டத்தை எந்தப் புல்லில் பிடித்தீர்கள் என்பது பெரிதாக உதவாது. ஒரே இனம் பல புல்லைத் தின்னும், டப்பாவில் கரும்பு இலை கொடுத்தாலும் பல தின்றுவிடும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு, அவைதான் முக்கியம். தென்னாப்பிரிக்க உயர்நிலச் சதுப்புகளில் மெட்டிசெல்லா மெனிங்க்ஸ் லீர்சியா ஹெக்சாண்ட்ரா என்ற ஒரே புல்லை நம்பி வாழ்கிறது. சதுப்பை வடித்துவிட்டால் புல்லும் இல்லை, பூச்சியும் இல்லை. கேப் டவுன் பக்கத்தில் கெடெஸ்டிஸ் பார்பரே இனத்தின் பண்டா என்ற துணையினம், நம் பக்கம் தர்ப்பை என்று பலர் வழங்கும் இம்பெராட்டாப் புல்லில் இருக்கிறது. இம்பெராட்டா உலகெங்கும் களையாகப் பரவிய புல். ஆனாலும் இந்தப் பூச்சி ஸ்ட்ராண்ட்ஃபான்டைன் கடலோர மணல்வெளியில் மிச்சமிருந்த சிறு துண்டோடு அழிவின் விளிம்பில் நிற்கிறது. புல் ஏராளமாக இருந்தும் பூச்சி போய்விடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உணவுத் தாவரம் தெரிந்தால் காப்பாற்றிவிடலாம் என்று எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒருவித்திலைக் கூட்டத்தில் பிறந்து இருவித்திலைக்கு மாறிப்போன சில பேரினங்களும் ஆப்பிரிக்காவில் உண்டு. இது பரிணாமம் படிப்பவர்களுக்கு விருந்து. பிளாட்டிலெஸ்கிஸ் அனைத்துக்கும் உணவு பரினாரி என்ற மரப் பேரினம் என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதில் பரினாரி கேப்பென்சிஸ் ஒரு விசித்திரச் செடி: மரம் முழுக்க மண்ணுக்கடியில் பரவியிருக்க, புல்வெளியில் தலைகாட்டுவது முழங்காலுக்கும் கீழே நிற்கும் இலைகள் மட்டுமே. குனிந்துதான் புழு தேட வேண்டும். பரோஸ்மோடிஸுக்குக் காம்பிரீட்டம், அக்லெரோஸுக்கு அக்ரிடோகார்ப்பஸ். போலீஸ்காரன் தின்னும் அதே செடிகளில் இவையும் இருக்கும் என்பதால் செடியை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். தலையைப் பாருங்கள்.

தலையைப் பற்றி ஒரு வேலை முறை. புழு ஒவ்வொரு தடவை தோலுரிக்கும்போதும் தலைக் கவசம் தனியே கழன்று விழும். அதைத் தூக்கி எறியாமல் சிறு குப்பியில் போட்டு, எந்தப் பருவம், என்ன தேதி, எந்தச் செடி என்று எழுதி வையுங்கள். வழக்கமாக ஐந்து பருவம், சில இனங்களில் ஆறு. புழுவின் உடல் நிறம் சாராயத்தில் போட்டால் போய்விடும். தலைக் கவசத்தின் கோடும் புள்ளியும் காலத்துக்கும் நிற்கும். பூச்சி வெளிவந்தபின் அந்தக் குப்பியையும் காலிக் கூட்டையும் பூச்சியோடு சேர்த்து வைத்தால்தான் உங்கள் பதிவுக்கு மதிப்பு. இணையத்தில் சுற்றும் உணவுத் தாவரப் பட்டியல்களில் பல, ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகலெடுத்தவை. தாய் முட்டையிட்டதைப் பார்த்தேன் என்பதும், டப்பாவில் மாற்று உணவாகக் கொடுத்தேன் என்பதும், காட்டில் முழுதாக வளர்ந்ததைக் கண்டேன் என்பதும் அங்கே ஒரே வரியில் கலந்து கிடக்கும். நீங்கள் எழுதும்போது இந்த மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

செடியின் ஒரு கிளையையும், பூ இருந்தால் பூவோடு, அழுத்தி உலர்த்தி வையுங்கள். வெறும் இலையை மட்டும் கொண்டுபோனால் தாவரவியலாளர் உதட்டைப் பிதுக்குவார்.

வறட்சிக் காலத்தில் பிடித்த புழு வாரக்கணக்கில் தின்னாமல் வீட்டுக்குள் முடங்கினால் செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். சில இனங்கள் முழு வளர்ச்சி பெற்றபின் மழை வரும்வரை அப்படியே கிடக்கும். லேசாக ஈரம் காட்டிக் காத்திருங்கள்.

நைரோபியில் இறங்கியதும் முதல் வேலையாகக் குடியிருக்கும் வளாகத்தின் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். ஈச்சை, ட்ரசீனா, குறுந்தோட்டி, வேலியோர வள்ளி, இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும். கரூராவும் தேசியப் பூங்காக்களும் அப்புறம். அங்கே அனுமதி இல்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. கடைசியாக, புழுவுக்குள்ளிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவிகளோ ஈயோ வந்தால் எரிச்சலில் டப்பாவைக் கவிழ்த்துவிடாதீர்கள். காட்டில் எடுத்த புழுக்களில் இது அடிக்கடி நடக்கும். அந்தக் குளவிகளைச் சாராயத்தில் போட்டு, அதே தலைக் கவசக் குப்பியோடு கட்டி வையுங்கள். எந்த ஸ்கிப்பரை எந்தக் குளவி தாக்குகிறது என்ற பதிவு ஆப்பிரிக்காவில் இன்னும் மிகக் குறைவு, பட்டாம்பூச்சியைவிட அதை ஆவலோடு வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.